கெர்வலான் குடும்பத்தின் அசையும் சொத்து

கணவர் ரொபேர் செத்துப்போனார் என்பதற்கு மதலேனிடம் அத்தாட்சி இருந்தது. அவர் விட்டுப்போன வீடு தன்னுடையது என்பதற்குத்தான் இல்லை.

வீடு பாரிசில், லா ஷப்பேலில், பாஜோல் தெருவில், கடைசி மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை. புதுச்சேரியிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து பாரிசுக்கு வந்து, பிறகு தபால் இலாகாவில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்ற ரொபேர், அதை வாங்குவதற்கே வாழ்நாளைச் செலவழித்திருந்தார். எண்பத்தாறாம் வருடக் குளிர்காலத்தில் அவர் கண்ணை மூடினார். அடுத்த மழைக்கே அடுப்புக்கு மேலே கூரை ஒழுக ஆரம்பித்தது. மதலேன் கட்டட நிர்வாகியிடம் போய்ச் சொன்னாள்.

“உரிமையாளர் எழுதிக் கொடுத்தால் நாளைக்கே ஆள் அனுப்புகிறேன், மதாம்.”

“உரிமையாளர் கல்லறையில இருக்காரு.”

“அப்படியானால் புதிய உரிமையாளர் யார் என்று நொத்தேரிடம் பத்திரம் வாங்கி வாருங்கள். கூரை காத்திருக்கும்.”

பிரான்சில் யார் செத்தாலும் அவர் சொத்து யாருக்குப் போகிறது என்பதை நொத்தேர்தான் எழுதி முத்திரை குத்த வேண்டும். அதுவரை செத்தவரே சொந்தக்காரர்.

ரொபேர் வீடு வாங்கியபோது பத்திரம் எழுதியவர் ஓபேரா பக்கத்தில் இருந்த மேத்ர் பெர்னார். நொத்தேர்களை ‘மேத்ர்’ என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள். அந்த மேத்ர் பெர்னாரும் இறந்துவிட்டார். இப்போது இருப்பவர் அவருடைய மகன், அவரும் மேத்ர் பெர்னார். மாடிப்படி நெடுக ஏழு மேத்ர் பெர்னார்கள் படமாகத் தொங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே மூக்கு. மதலேன், பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லிலிருந்து லீவு போட்டு வந்த மகள் ஆலீஸுடன் அந்த மூக்குகளைக் கடந்து மேலே போனாள்.

மேத்ர் பெர்னார் எழுந்து நின்று ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

“மிக எளிய விவகாரம், மதாம். வீட்டை அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு. வெறும் உடைமை உங்கள் மகளுக்கு. நீங்கள் பழத்தைச் சாப்பிடுவீர்கள், மரம் அவருடையது. இரண்டே வாரத்தில் முடிந்துவிடும்.”

“கூரை ஒழுவுதுங்க, மேத்ர்.”

“அது மரத்தைச் சேர்ந்தது” என்றார் அவர்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது அவர் முகம் மாறியிருந்தது. கவலை என்று சொல்ல முடியாது. அபூர்வமான பட்டாம்பூச்சியைப் பிடித்தவர் போல இருந்தார். மேசை ஓரத்தில் புதிதாக ஒரு கணினி, துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

“எங்கள் அலுவலகத்துப் பழைய கோப்புகள் எல்லாவற்றையும் இதில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், மதாம். உங்கள் கணவரின் தாய்வழி வம்சத்தையும் வழக்கம்போல ஏற்றினோம். இயந்திரம் ஒரு பொருத்தம் காட்டியது. வாங்கியதிலிருந்து அது கண்டுபிடித்த முதல் விஷயம்.”

ஆலீஸ் நிமிர்ந்தாள். “அப்பாவுக்கு வேற சொத்து இருக்கா?”

“இல்லை, மதுமசேல். கொஞ்சம் வேறு மாதிரி.”

குமாஸ்தா ஒருவர் தள்ளுவண்டியில் பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். முதல் மேத்ர் பெர்னார் காலத்துப் பெட்டி. லூயிசியானா பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தபோது, மிசிசிப்பி ஆற்றங்கரையில் அவுரித் தோட்டம் வைத்திருந்த கெர்வலான் என்பவரின் உயில் அதற்குள் இருந்தது. கெர்வலான் அதற்கு முன்பு கம்பெனிக் கப்பல் ஒன்றின் தலைவர். புதுச்சேரியில் சரக்கு ஏற்றும்போது ஒரு தமிழ்ப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

“எத்தனை முன்யோசனை பாருங்கள்” என்று மேத்ர் பெர்னார் வாசிக்கத் தொடங்கினார். “நிலம், அவுரித் தொட்டிகள், மாடுகள், அடிமைகள் எல்லாவற்றையும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு. வெறும் உடைமை பிள்ளைகளுக்கு. இன்றைக்கு உங்களுக்கு நான் செய்யப்போகும் அதே ஏற்பாடுதான், மதாம். பிறகு, பிள்ளைகளுக்குள் சண்டை வராமல் இருக்கச் சமமான பங்குகள். மலபார் இனத்துப் பெண்மணி, அதாவது அந்தத் தமிழ்ப் பெண், மூன்றாம் பங்கு. அவளோடு இரண்டு காளை, ஒரு செம்புத் தொட்டி. தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்திருக்கிறார்கள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இவ்வளவு நேர்த்தியான பாகப்பிரிவினையை நான் பார்த்ததில்லை.”

பெட்டியிலிருந்து பழைய தூசி வாடை வந்தது.

“இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெண்மணிக்கு ரோசாலி என்று எட்டு வயதில் ஒரு மகள். அவளைப் பற்றித் தனியாக ஒரு வாசகம். ‘ரோசாலியின் முகம் என் மனைவிக்கு மனக்கசப்பைத் தருவதால், அவளைப் புதுச்சேரியில் உள்ள என் மருமகனுக்கு அவன் ஆயுள் உள்ளவரை கடனாகத் தருகிறேன். அவன் காலத்துக்குப் பின் அவளும் அவள் சந்ததியும் என் சொத்தோடு திரும்பச் சேர வேண்டும்.’ மருமகன் புதுச்சேரி முற்றுகையில் இறந்துவிட்டார். ‘ரோசாலி திரும்ப ஒப்படைக்கப்படவில்லை’ என்று முதல் மேத்ர் பெர்னார் குறித்தார், அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு வந்தார்கள். ஆகவே இந்தப் பாகப்பிரிவினை இன்றுவரை முடிக்கப்படவில்லை.”

“எட்டு வயசுப் பிள்ளையத் தாய்கிட்டருந்து பிரிச்சுக் கப்பல்ல அனுப்பிட்டாங்களா?” என்று மதலேன் கேட்டாள்.

மேத்ர் பெர்னார் சற்றுப் புண்பட்டவராகக் கண்ணாடியைக் கழற்றினார். “தாயையும் குழந்தையையும் பிரித்து விற்கக் கூடாது என்று அன்றைய சட்டம் தெளிவாகச் சொன்னது, மதாம். எங்கள் அலுவலகம் அதை மீறியதே இல்லை. இது விற்பனை அல்ல. இரவல்.”

பிறகு விளக்கினார். குழந்தை தாயின் நிலையைப் பின்பற்றும் என்பது அந்தக் காலத்து விதி. ரோசாலியின் மகள், அவள் மகள் என்று தாய்வழியாகவே இறங்கினால் கடைசியில் ரொபேர் வருகிறார். ஆலீஸ் வரமாட்டாள், அவள் மதலேனின் வயிறு. “அந்த வகையில் மதுமசேல் பாதுகாப்பாக இருக்கிறார்” என்று அவர் ஆலீஸைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“அப்போ எங்க அப்பா?”

“அவர் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறார்.”

“மெசியே, அடிமை முறைய ஒழிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு!”

“நிச்சயமாக! அதை முதலில் வரவேற்பவன் நான். அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கோப்பு ஒழிக்கப்படவில்லை. உயிலின்படி சந்ததியும் சொத்தில் சேரும். அடிமை சம்பாதிப்பது எஜமானருக்குச் சேரும் என்றும் அன்றைய சட்டத்தில் இருக்கிறது. அதாவது பாஜோல் தெரு வீடு... இல்லை, பதறாதீர்கள், எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது. ஆனால் என் அலுவலகத்தில் ஒரு கேள்வி திறந்திருக்கிறது. கேள்வி திறந்திருக்கும்போது முத்திரை குத்த என் மனசாட்சி இடம் கொடுக்காது.”

மெட்ரோவில் திரும்பும்போது ஆலீஸ் பிரெஞ்சில் கத்திக்கொண்டே வந்தாள். மதலேன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொபேர் தன் சட்டைகளைத் தானே இஸ்திரி போடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது பட்டாளத்துப் பதக்கத்தைக் குத்திக்கொள்வார். தான் இரண்டு காளைகளோடு கணக்கில் வருகிறவர் என்று தெரியாமலேயே போய்ச்சேர்ந்துவிட்டார்.

கீழ்த்தெருவில் தவரத்தினம் புதிதாகக் கடை போட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அகதி மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் என்பதால் பாரிசில் உள்ள எல்லா அலுவலக வாசல்களும் அவருக்குப் பழக்கம். மதலேன் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அவர் தராசில் கையை வைத்தபடி கேட்டார்.

“இதென்ன கோதாரி அக்கா! செத்த மனிசனை ஆரோ இரவல் குடுத்த சாமான் எண்டு சொல்லுறாங்களோ?”

“சாமான்னு சொல்லலப்பா. அசையும் சொத்தாம்.”

“அந்த நொத்தாரிசுக்கு விசர். எண்டாலும் அக்கா, ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. இஞ்சை உவங்கள் எங்களிட்டைக் கேக்கிறது எல்லாம் எங்கடை வாயாலை ஓம் எண்டு சொல்ல வைக்கத்தான். என்ன நீட்டினாலும் கையெழுத்து வையாதேங்கோ.”

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் மதலேன் ரொபேர் சுதந்திர மனிதர்தான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தாள். மேத்ர் பெர்னார் மரியாதையாக ஒவ்வொன்றாகக் கேட்டார், அவளும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனாள். பாகப்பிரிவினைக்குச் சம்பந்தப்பட்ட எவரும் ஆட்சேபணை கொடுக்கலாம், நீதிமன்றம்தான் முடிவு செய்யும், வாங்கி முத்திரை குத்துவது மட்டுமே நொத்தேர் வேலை என்று ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்கிக்கொண்டு சொன்னார்.

பட்டாளத்துச் சான்றிதழைக் காட்டியபோது, “லூயிசியானாவிலும் அவசரத்துக்கு அடிமைகள் கையில் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள், மதாம். இது இரண்டு பக்கமும் பேசும்” என்றார். தபால் இலாகா ஓய்வூதியப் புத்தகத்தைக் காட்டியபோது, நாற்பது வருடம் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர் என்ற குறிப்பைப் படித்துவிட்டு, “இது நமக்குச் சாதகமாக இல்லை” என்று முணுமுணுத்தார். வாக்காளர் அட்டையை நீண்ட நேரம் திருப்பிப் பார்த்தார்.

“அரசு இவரைக் குடிமகனாகக் கருதியது என்று இது காட்டுகிறது. அரசின் கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கெர்வலான் பெட்டி அரசுக்கு முந்தியது.”

“எங்க கலியாணப் பத்திரம் இருக்கு. ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கட்டிக்கிட்டோம்.”

“எஜமானரின் அனுமதி இணைக்கப்பட்டிருக்கிறதா?”

மதலேன் பத்திரத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்குப் படியிறங்கும்போது ஏழு மூக்குகளையும் ஒவ்வொன்றாக முறைத்துக்கொண்டே இறங்கினாள். வீட்டில் அடுப்பை நகர்த்த முடியாததால், குடையை விரித்துக் கூரைக்குழாயில் கட்டித் தொங்கவிட்டு அதன் கீழே சமைத்தாள். ஒருமுறை கட்டட நிர்வாகி படியில் எதிர்ப்பட்டபோது, “எஜமான் யாருன்னு இன்னும் முடிவாகல” என்று சொன்னாள். அவர் புரிந்தவர் போலத் தலையசைத்தார்.

கடைசியில் வழி பிறந்தது கெர்வலான் குடும்பத்திலிருந்து. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருந்தவர் மதாம் மார்கிரட் த கெர்வலான், பிரான்சின் மேற்குக் கரையில் லோரியான் பக்கத்தில் பூர்வீக மாளிகையில் வசிப்பவர். மாளிகையை ஒரு ஓட்டல்காரருக்கு விற்க ஏற்பாடாகியிருந்தது. அதுவும் பழைய கெர்வலானின் சொத்து என்பதால், அந்தப் பாகப்பிரிவினை முடியாமல் விற்க முடியாது. ஆகவே அவர் பெருந்தன்மையோடு ஒரு முடிவுக்கு வந்தார். ரொபேரை விடுதலை செய்வது.

விழா அலுவலகத்திலேயே நடந்தது. மேசையில் வெள்ளைத் துணி, நுரைக்கும் ஒயின், சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகள். சாம்பல் நிறத் தொப்பி அணிந்த மதாம் மார்கிரட் மதலேனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“எங்கள் குடும்பம் தன் ஆட்களை எப்போதும் நன்றாகவே வைத்திருந்தது, மதாம். என் தாத்தா சொல்வார், நம் தோட்டத்தில் யாரும் பெயரில்லாமல் செத்ததில்லை என்று. எல்லாரையும் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் கணவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஏதோ என் வீட்டை விட்டு ஒருவரை அனுப்புவது போல இருக்கிறது. இதைச் செய்வதில் எனக்கு வருத்தமே கிடையாது. எனக்கு நன்றி சொல்ல வேண்டாம்.”

மதலேன் நன்றி சொல்லவில்லை. அறையில் சிறிது நேரம் எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

மேத்ர் பெர்னார் தொண்டையைச் செருமினார். “ஒரு சிறிய சம்பிரதாயம். விடுதலை என்பது இலவசமாகக் கொடுக்கப்படுவது. சட்டப்படி அது தானம். தானத்துக்கு வரி உண்டு. வாங்குபவர்தான் கட்ட வேண்டும்.”

“யாரு வாங்குறது?”

“காலஞ்சென்ற மெசியே ரொபேர். அவர் சார்பில் நீங்கள். அவருடைய மதிப்பை நானே கணக்கிட்டிருக்கிறேன். வயது, இதய நோய் இரண்டுக்கும் கழித்திருக்கிறேன். இறந்துவிட்டார் என்பதற்கும் கணிசமான தள்ளுபடி கொடுத்திருக்கிறேன். அந்தத் தொகையில் நூற்றுக்கு அறுபது.”

ஆலீஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “மமான், வா போகலாம். இங்க ஒரு நிமிஷம்கூட இருக்க வேணாம்.”

“அறுபதா!” மதாம் மார்கிரட்டுக்கே பரிதாபமாகிவிட்டது. “பாவம், விதவைப் பெண். குறைக்க வழியே இல்லையா, மேத்ர்?”

“அந்நியர்களுக்கு இடையே தானம் என்றால் அதுதான் விகிதம், மதாம். உறவினராக இருந்தால் மிகவும் குறையும்.”

மதலேன் மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது.

“மேத்ர், அந்த முகத்தப் பத்தி எழுதியிருந்தாரே, அத இன்னொரு தரம் படிங்க.”

அவர் படித்தார். ‘ரோசாலியின் முகம் என் மனைவிக்கு மனக்கசப்பைத் தருவதால்...’

“எட்டு வயசுப் பிள்ளையோட மூஞ்சியப் பாத்தா பொண்டாட்டிக்கு ஏன் கசக்கணும்? அந்த மூஞ்சி யார் மாதிரி இருந்துச்சு?”

மேத்ர் பெர்னாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. வரியைக் குறைக்கும் வழி கண்ணில் பட்டுவிட்டால் அவரால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாது.

“மகள்! நிச்சயமாக மகள்தான். இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் மெசியே ரொபேர் அந்நியரே அல்ல, நேர்வழிச் சந்ததி. விகிதம் மிகக் குறைவு. அது மட்டுமல்ல, எழுபத்திரண்டாம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வெளியில் பிறந்த பிள்ளைக்கும் பங்கு உண்டு. உரிமை காலாவதியாகிவிட்டதே என்பீர்கள். பாகப்பிரிவினை முடிந்த நாளிலிருந்துதான் காலாவதியை எண்ண வேண்டும். இதுவோ முடியவே இல்லை! ஏழு தலைமுறையாக எங்கள் அலுவலகம் விழிப்போடு இருந்ததால் இவருடைய உரிமை முழுசாக அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆகவே லோரியான் மாளிகையில் இவருக்கு—”

மதாம் மார்கிரட் கோப்பையை மேசையில் வைத்தார். கொஞ்சம் பலமாகவே வைத்தார்.

மேத்ர் பெர்னார் கணினியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு ரொட்டித் துண்டுகளைப் பார்த்தார்.

“இன்றைக்கு நேரமாகிவிட்டது” என்றார்.

மறுநாள் காலையிலேயே தொலைபேசி வந்தது. இத்தனை மாதமாக அவள்தான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவரே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆலீஸ் வேலைக்குப் போய்விட்டிருந்ததால் மதலேன் தனியாகப் போனாள். மதாம் மார்கிரட் முன்கூட்டியே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவர் கையைப் பிடிக்கவில்லை.

வீட்டுப் பத்திரம் மேசையில் தயாராக இருந்தது. அனுபவிக்கும் உரிமை மதலேனுக்கு, உடைமை ஆலீஸுக்கு. முத்திரை குத்தி மை காய்ந்தும் விட்டது. மதலேன் ஒருதரம் முழுக்கப் படித்து, மடித்து, கைப்பையில் வைத்து மூடினாள்.

“இயந்திரத்தின் பிழை, மதாம்” என்றார் மேத்ர் பெர்னார். “புதிய சாதனம், அனுபவம் போதாது. உங்கள் கணவருக்கும் இந்தப் பெட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். இன்று மத்தியானம் கெர்வலான் பாகப்பிரிவினையை முடித்துவிடுகிறோம்.”

“எப்படி முடிப்பீங்க? அந்தப் பிள்ளை?”

“ஆராய்ந்து பார்த்ததில், ரோசாலி என்று ஒருவர் இருந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை.”

“நீங்கதானே வாசிச்சீங்க.”

“எழுத்தர் பிழையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் மாடுகளுக்கும் பெயர் வைப்பார்கள்.”

மதலேன் எழுந்துவிட்டிருந்தாள். கைப்பையில் பத்திரம் இருந்தது. கதவுவரை போனால் போதும், நாளைக்கே கூரைக்கு ஆள் வருவான். இத்தனை மாதமாக அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தெரு முனையில் தவரத்தினத்துக்குச் சொல்லலாம், கையெழுத்தே போடாமல் வாங்கிவிட்டேன் என்று.

ஆனால் கால் நகரவில்லை. கப்பல் மேல்தட்டில் நிற்கும் எட்டு வயதுப் பெண்ணைப் பற்றி மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் அவள் நினைத்திருக்கிறாள். அவளை இரவல் கொடுத்தார்கள். வரவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். இப்போது அப்படி ஒரு பிள்ளையே கிடையாது என்கிறார்கள். தாத்தா காலத்திலிருந்து யாரையும் பெயரில்லாமல் விட்டதில்லை என்று நேற்றுச் சொன்ன மனுஷி ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மதலேன் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மேத்ர், பாகப்பிரிவினைய முடிக்கக் கூடாதுன்னு யாராவது ஆட்சேபணை குடுக்கலாம்னு ஒரு தரம் சொன்னீங்களே.”

“சம்பந்தப்பட்ட எவரும் கொடுக்கலாம். ஆனால் உங்களுக்குத்தான் சம்பந்தமே இல்லை என்று—”

“அத நீங்க முடிவு பண்ண முடியாது, கோர்ட்டுதான் முடிவு பண்ணும்னும் நீங்கதான் சொன்னீங்க. வாங்கி முத்திரை குத்துறதுதான் நொத்தேர் வேலைன்னீங்க.”

அவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்கிக்கொண்டு சொல்லியிருந்தார்.

“உங்களுக்கு என்ன வேண்டும்?” மதாம் மார்கிரட் ஜன்னலிலிருந்து திரும்பினார். “மாளிகையில் பங்கா? எவ்வளவு?”

“எனக்கு உங்க வூட்டுல ஒரு ஓடுகூட வேணாம், மதாம்.”

“பிறகு எதற்காக இந்த ஆட்சேபணை?”

“பிள்ளைய அழிக்கக் கூடாது. அவ்ளோதான். அவ பேரு இருந்த எடத்துலயே இருக்கட்டும்.”

மேத்ர் பெர்னார் மதாம் மார்கிரட்டைப் பார்த்தார். மதாம் மார்கிரட் அவரைப் பார்த்தார். ஆனால் ஏழு தலைமுறைப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. முறைப்படி ஒரு ஆட்சேபணை மேசைக்கு வந்துவிட்டால் அதை வாங்காமல் இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தது, பேனா மூடியைக் கழற்றியது, மதலேனின் பெயரையும் பாஜோல் தெரு முகவரியையும் பிழையில்லாமல் எழுதியது. காரணம் என்ற இடத்தில், ரோசாலி திரும்ப ஒப்படைக்கப்படவில்லை என்று எழுதியது. முதல் மேத்ர் பெர்னார் எழுதிய அதே சொற்கள்.

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

“ஆட்சேபணை எதுவரை செல்லும் என்று குறிப்பிட வேண்டும், மதாம்.”

“அவ வர்ற வரைக்கும்னு எழுதுங்க.”

அவர் எழுதினார். முத்திரை குத்தினார்.